அரக்குக்கு அரை டீ விலை

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு உறைக்காக. வேலைக்கு மனு போட்டிருந்த இடத்தில், மதிப்பெண் பட்டியலின் சான்று நகலைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு மூடி, மேலே அரக்கு முத்திரை வைத்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கடைசித் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் தெருவிலேயே முதல் ஆள் என்றும் சொல்லலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பஸ் மாறி மாறி ஐந்து மணி நேரப் பயணம். அம்மா பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்கிச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "பட்டம் வாங்கினவன் கசங்கின சட்டையோட போய் நின்னா, அந்த ஜன்னல்ல இருக்கறவரு என்னடா நினைப்பாரு?" என்றாள். ஜன்னலில் இருந்தவர் என் சட்டையைப் பார்க்கவே இல்லை என்பதை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாம் ஜன்னல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, "அரக்கு ரெடியா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"அதையும் நாமளே கொண்டு வரணுமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டைதான் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். "மனுவுக்குள்ள மடிச்சு வைக்கற நோட்டுங்க. இங்க அதுக்குப் பேரு அரக்கு. வச்சா இன்னிக்கு. வைக்கலன்னா நாளன்னைக்கு, அப்புறம் அதுக்கு நாளன்னைக்கு."

"லஞ்சமா?"

"மெதுவா. கத்தாதீங்க. அந்தப் பேரைச் சொன்னா கோபம் வரும் அவங்களுக்கு."

கடைசி வருடத் தேர்வில் கையூட்டு ஒழிப்பு பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையின் மதிப்பெண்ணும் அடங்கிய பட்டியலை வாங்கத்தான் அன்றைக்கு நின்றேன். வழிச்செலவுக்கு வைத்திருந்த நோட்டுகளில் ஒன்றை எடுத்து நான்காக மடித்து மனுவுக்குள் வைத்தேன். ஜன்னல்காரர் தாளைத் திறக்கவில்லை. கட்டை விரலால் மேலே ஒரு தடவை தடவினார், துணிக்கடையில் துணியின் கனம் பார்ப்பதுபோல. "பின்னாடி வராந்தாவுல உட்காருங்க. கூப்பிடுவாங்க" என்றார்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவின் கோடியில் கதவு சாத்திய ஒரு அறை. தள்ளினேன்.

"கதவைச் சாத்து, கதவைச் சாத்து! காத்து வருது பாரு."

உள்ளே வெக்கை அடுப்படி மாதிரி இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி இருந்தும் சுற்றவில்லை. மேசையில் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. கழுத்தில் துண்டு போட்ட, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் என் உறையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். "விலாசத்தைப் படி. உன் கண்ணால படி. சரியா இருந்தாத்தான் மூடுவேன்."

படித்தேன். சரியாக இருந்தது. அவர் உறையைக் குப்புறப் போட்டு, சிவப்பு அரக்குக் குச்சியை நெருப்புக்குப் பக்கத்தில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். நேராக நெருப்பில் காட்டினால் புகை படிந்து அரக்கு கறுத்துவிடுமாம். நான்கு மூலைக்கு நான்கு சொட்டு, நடுவில் ஒன்று. சொட்டு விழுந்ததும் உடனே அழுத்தவில்லை. உதடு மட்டும் அசைய மூன்று எண்ணினார். பித்தளை முத்திரையை ஈரப் பஞ்சில் ஒற்றி அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதற்கு முன்னால் நிறுத்தினார். நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார்.

"ஜன்னல்ல ஏதாவது குடுத்தியா?"

குடுத்தேன் என்றால் உறை நின்றுபோகும் என்று பயந்தேன். "இல்ல சார்" என்றேன்.

"நல்லது." அவர் முகம் இளகியது. ஐந்தாவது முத்திரையை வைத்தார்.

அந்த உறையால் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராக எனக்குக் கிடைத்த இடம் அதே பல்கலைக்கழகம், அதே தேர்வுப் பிரிவு, உறைகளுக்கு விலாசம் எழுதும் மேசை. அரக்கு அறைக்கு அடுத்த அறை. அவருக்கு என்னை நினைவில்லை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முகம் பார்க்கிறவர். நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆபீசில் அவரை எல்லாரும் சீல்காரர் என்பார்கள். முப்பது வருடமாக அதே அறை, அதே முத்திரை. அவருடைய வலது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே கிடையாது. சூடு பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும். புதிதாக வந்த வருகைப் பதிவு இயந்திரம் அவரை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "மிஷின் கணக்குல நான் பொறக்கவே இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே கவனித்தது ஒன்று உண்டு. எல்லார் வாயிலும் சர்வசாதாரணமாகப் புழங்கிய அந்தச் சொல்லை அவர் மட்டும் சொல்ல மாட்டார். அவர் கையில் இருந்த பொருளுக்கே அதுதான் பெயர் என்றாலும் சொல்ல மாட்டார். ஸ்டோருக்குச் சீட்டு எழுதும்போது "சிவப்புக் குச்சி, இரண்டு பெட்டி" என்று எழுதுவார். ஸ்டோர்க்காரர் ஒருமுறை, "என்ன அண்ணே, குழந்தைங்க விளையாட்டுச் சாமானா?" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

எனக்குச் சொற்களின் மேல் ஒரு பைத்தியம். இந்த விஷயத்துக்கு நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. லஞ்சம் என்றால் நேராக முகத்தில் அடிக்கும். கையூட்டு என்றால் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கையை நீட்டிப் பிசைந்து கொடுக்கும். மாமூல் அரபியிலிருந்து வந்தது, வழக்கமானது என்றுதான் அதற்கு அர்த்தம், வாங்குகிறவனுக்கு அதைவிட ஆறுதலான அர்த்தம் வேறு உண்டா? சம்பளத்துக்குத் துணையாகக் கிம்பளம் பிறந்தது வெறும் எதுகைக்காக. இவ்வளவு இருக்கும்போது இந்த ஊர்க்காரர்கள் ஏன் அரக்கு என்கிறார்கள் என்று எனக்குக் குடைச்சல். பதிவறையில் வேலை செய்த அக்காவிடம் கேட்டேன்.

"என்னைக் கேக்கறியே. உன் பக்கத்து அறையில உட்கார்ந்திருக்காரே, அவரைக் கேளு. சொல்லு பொறந்த வீடே அதுதான்."

அவர் உடனே சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, டீ நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்னால் ஸ்டோருக்கு அரக்கு வருவது நின்றுபோயிருக்கிறது. விலைப்புள்ளி கேட்டதில் ஏதோ தகராறு, கோப்பு மேலே போய்க் கீழே வரவில்லை. உறைகள் மேசையில் குவிந்தன. பிள்ளைகள் வாசலில் நின்று அழுதார்கள். கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. இவர் கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டதற்கு, "ஏதாவது பண்ணுய்யா, என்னைக் கேக்காம பண்ணு" என்றாராம்.

எதிர்க் கடையில் அரக்குக் குச்சி விற்றது. "ஒரு குச்சி வாங்கிட்டு வா, இப்பவே சீல் வச்சுத் தரேன்" என்று முதலில் வந்த பையனிடம் சொன்னார். வாங்கி வந்தான். ஒரு குச்சியில் எட்டு உறை மூடலாம். அவனுடைய உறை போக மிச்சத்தில் பின்னால் வந்த ஏழு பேருக்கும் வேலை முடிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு வேலை முடிந்ததே என்று எழுந்து போயிருப்பார்கள். இவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒருத்தன் காசில் ஏழு பேர் போவது எந்த ஊர் நியாயம்? மறுநாள் குச்சி விலையை எட்டால் வகுத்தார். ஏறக்குறைய அரை டீ விலை வந்தது. ஒரு அட்டையை எடுத்து, விலாசம் எழுதுகிற தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'அரக்குக்கு, உறை ஒன்றுக்கு' என்று போட்டு அந்தத் தொகை. மனு வாங்குவது மூன்றாம் ஜன்னல் என்பதால் அங்கே மாட்டச் சொன்னார். வருகிற காசில் தினமும் குச்சி வாங்கினார். பில்லுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தார்.

ஏழு மாதம் கழித்து ஸ்டோருக்குச் சரக்கு வந்தது. "அட்டையைக் கழட்டிடுங்க, இனிமே வேணாம்" என்று ஜன்னலில் சொல்லிவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மெழுகுவத்தி அணையாமல் இருக்க அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும். அட்டை கழன்றது. காசு நிற்கவில்லை. அரை டீ விலை ஒரு டீ விலையாகி, சாப்பாட்டு விலையாகி, நான் போய் நின்ற காலத்தில் ஒரு பகல் கூலியாகியிருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அதற்கும் ஒரு பஸ் கதை வைத்திருந்தார். சில வருடங்களுக்கு முன் பஸ்ஸில் போகும்போது முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறவர் போல. "லைசன்ஸ் புதுப்பிக்க அரக்கு எவ்வளவுடா?" "அங்க ரெண்டு பேருக்கு அரக்கு வைக்கணும்டா." இவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வீட்டுக்குப் போனார். வீட்டில் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், "எங்க வார்டுல கூட அப்படித்தாம்பா சொல்றாங்க, உனக்குத் தெரியாதா?" என்றாள்.

அன்றிலிருந்துதான் ஐந்தாவது முத்திரைக்கு முன்னால் அந்தக் கேள்வி. ஜன்னல்ல ஏதாவது குடுத்தியா? எல்லாரும் இல்லை என்றார்கள். ஆபீசில் இது ஒரு பெரிய நகைச்சுவை. மூன்றாம் ஜன்னல்காரர் நடித்தே காட்டுவார், "குடுத்தியா?" என்று குரலைத் தாழ்த்தி, கையில் இல்லாத முத்திரையைத் தூக்கிப் பிடித்து. பார்க்கிறவர்கள் சிரித்து உருளுவார்கள். நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன்.

அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது ஒரு புகார் வந்தது. எழுதியவர் ஒரு தையல்காரர். அவர் மகளுக்கு வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்றாம் ஜன்னலில் அரக்கு வைக்க மாட்டேன் என்றிருக்கிறாள் அந்தப் பெண். மனு ஜன்னலிலேயே பதினோரு நாள் கிடந்தது. உறை போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தையல்காரர் யார் யாருக்கு எழுத முடியுமோ அத்தனை பேருக்கும் எழுதினார். புதிதாக வந்திருந்த பதிவாளர் வெளியிலிருந்து ஒரு பெண் அதிகாரியை விசாரிக்க வரவழைத்தார்.

முதல் நாளே மூன்றாம் ஜன்னல்காரர் தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். அந்தப் பழைய அட்டை. அரை டீ விலையை ஒருவர் அடித்து ஒரு டீ விலை எழுதியிருந்தார். அதற்கு அப்புறம் வந்தவர் அது கிழியாமல் இருக்க லேமினேஷன் வேறு போட்டிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பேரும் அடுத்தவரிடம் சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படைத்திருக்கிறார்கள்.

"நாங்க யாரும் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல மேடம். இது ஆபீஸ் நடைமுறை. ஆரம்பிச்சு வச்சது சீல்காரர். அவர் கையெழுத்து இந்தக் கட்டிடத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

செய்தி வராந்தா தாண்டி அரக்கு அறைக்கு வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அனுப்புகைப் பதிவேட்டைக் கேட்டார். தையல்காரர் மகளின் உறை எந்தத் தேதியில் தன் மேசைக்கு வந்தது என்று விரலை வைத்துத் தேடினார். வந்த அன்றைக்கே மூடியிருக்கிறார். பதிவேட்டை மூடாமல் அந்த வரியிலேயே வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

ஊழியர் சங்கச் செயலாளர் அவசரமாக ஓடி வந்தார். "அண்ணே, ஒரே வார்த்தை. ஞாபகம் இல்ல. அதைத் தவிர வாயைத் திறக்காதீங்க. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆமான்னு சொன்னீங்கன்னா, எல்லாருக்கும் மூத்த குற்றவாளி நீங்கதான். பென்ஷன்ல கை வச்சிடுவாங்க."

"ஞாபகம் இருக்கேப்பா."

"இருக்கட்டும். இல்லன்னு சொல்லுங்க. ஞாபகத்தை யாரு ஸ்கேன் எடுத்துப் பாக்கப் போறா?"

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. மேலே மூன்றாவது அறைக்குச் சுவர் மட்டும் எழுப்பி, கூரை இல்லாமல் ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தது. ஓய்வுத் தொகை வந்ததும் கூரை என்பது ஏற்பாடு. பிஸ்கட் டப்பா தரையில் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பிடி மண்.

"கரையான்" என்றார் அவர் மனைவி. "பில்லு பில்லுன்னு பொண்ணு மாதிரி காப்பாத்தினாரு. ஒரு நாளாவது தொறந்து பாத்திருக்கணும்ல."

"நீ சும்மா இரு."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? ஏங்க, நீங்க ஒரு காசு எடுத்தீங்களா? இல்லல்ல? அப்ப இல்லன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"எடுக்கல. ஆரம்பிச்சது நான்தான?"

"நீங்க ஆரம்பிச்சது எது உருப்படியா முடிஞ்சிருக்கு? மேல போய்ப் பாருங்க, சுவரு நிக்குது வானத்தைப் பாத்துக்கிட்டு. அதை முடிக்கத் துப்பில்ல, ஊர்ல இருக்கற லஞ்சத்தை எல்லாம் இவர் முடிச்சு வைக்கப் போறாராம்." அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்ச பிள்ளை. நீயாவது சொல்லேன்."

நான் படித்த பிள்ளைதான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விசாரணையில் வாக்குமூலம் எழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. அதிகாரி அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்க எழுத்தா?"

அவர் அட்டையைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். "முதல் வரி என்னுது மேடம். அடிச்சு எழுதினது என்னுது இல்ல."

"அப்ப நீங்கதான் வசூலை ஆரம்பிச்சது?"

"ஆமாம். ஏழு மாசம் வாங்கினேன். அந்தக் காசுல குச்சி வாங்கினேன். பில்லு இருந்துச்சு, கரையான் தின்னுடுச்சு."

மூன்றாம் ஜன்னல்காரர் கனைத்தார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார், கனைப்பு நின்றது.

"அதுக்கப்புறம் இவங்க வாங்கினது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அந்தக் காற்று அவருக்குப் பழக்கமில்லை. "முதல்ல தெரியாது. அறைக் கதவு சாத்தியிருக்கும். பஸ்ல கேட்ட நாள்ல இருந்து தெரியும்னுதான் வச்சுக்கணும்."

"ஏன் சொல்லல?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன் மேடம். சீல் வைக்கறதுக்கு முன்னாடி. ஏதாவது குடுத்தியான்னு. யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருந்தா, அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போயிருப்பேன். எல்லாரும் இல்லன்னாங்க. இல்லன்னு கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு." என் தாளைக் காட்டினார். "அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. நிம்மதியா இருந்துச்சுன்னு."

எழுதினேன்.

"அந்தத் தையல்காரர் பொண்ணும் வந்துச்சு. விலாசம் படிச்சுது. நான் கேட்டேன். 'இல்ல சார், குடுக்கல'ன்னு சொல்லுச்சு. அது ஒண்ணுதான் நிஜம் சொன்னது. மத்தவங்க சொன்ன மாதிரியேதான் அதுவும் சொல்லுச்சு. எனக்கு வித்தியாசம் தெரியல மேடம். நல்லதுன்னு சொல்லி சீல் வச்சு அனுப்பிட்டேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு."

அதிகாரி பேனாவைத் திருகி மூடினார். "நீங்க கேட்டேன்னு சொல்றீங்க. அதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா? இல்லன்னா இது உங்க வாய் வார்த்தை மட்டும்தான். அட்டை உங்க கையெழுத்துல இருக்கு."

"பசங்க எல்லாம் எங்கெங்கேயோ போயிட்டாங்க மேடம். யாரைப் போய்த் தேடறது."

அந்தக் கேள்வியை நடித்தே காட்டிய மூன்றாம் ஜன்னல்காரர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதுவதை நிறுத்தினேன். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் முடிந்திருந்தது. மூன்றாம் ஜன்னல்காரரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்.

"என்கிட்ட கேட்டிருக்கார் மேடம்" என்றேன். "நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. ஜன்னல்ல காசு குடுத்தேன். அவர் கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன்."

அதிகாரி என்னைப் பார்ப்பதற்குள் சீல்காரர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பிவிட்டார். அத்தனை நாளில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"நீயா? என் மூஞ்சியைப் பாத்து இல்லன்னு சொன்னியா? பொய்யாடா சொன்ன?"

"ஆமாண்ணே."

"மூணு வருஷமா பக்கத்து அறையில உட்கார்ந்துக்கிட்டு, என்கிட்ட கதை கேட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை சொன்னியாடா? அன்னிக்கு நீ ஆமான்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு..."

அதிகாரி என்னிடம், "நீங்க எழுதறவரா, சாட்சியா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் மேடம்" என்றேன். ரெண்டும் ஆக முடியாது என்றார். வேறு ஆளைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம், அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் அவர் என்னோடு பேசவில்லை. விலாசம் எழுதிய உறைகளை அவர் அறை ஜன்னல் திட்டில் வைப்பேன், எடுத்துக்கொள்வார். ஆபீஸில் எனக்குப் புதுப் பெயர் கிடைத்தது: ஒட்டின அரக்கு. சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் இரண்டு பேர் எழுந்துபோவார்கள். பதினேழாம் நாள் சாயங்காலம் அவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "எவ்வளவு குடுத்த?" என்று கேட்டார். சொன்னேன். "அம்மா குடுத்த காசா?" ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் டீக்கு என்னையும் கூப்பிட்டார்.

உத்தரவு வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாலை மரியாதை எதுவும் இல்லை, விசாரணை நிலுவையில் இருந்ததால் பிரிவு உபசாரம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் பித்தளை முத்திரையைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார். பிறகு முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்த அறையின் மின்விசிறியைப் போட்டார். அது ஒரு மாதிரி முனகிவிட்டுச் சுற்றியது. அதன் கீழே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் ஜன்னல்காரரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், அவருக்கு முன்னால் அங்கே இருந்தவருக்கு இரண்டு ஊதிய உயர்வு நின்றது. சீல்காரருக்கு எழுத்து மூலமான கண்டனம். அனுமதி இல்லாமல் வசூலைத் தொடங்கியது, தெரிந்த பின்னும் மேலிடத்துக்குச் சொல்லாதது என்று இரண்டு காரணம் போட்டிருந்தார்கள். பென்ஷனில் கை வைக்கவில்லை. கேட்டது உண்மை என்று சாட்சியம் இருப்பதால் என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. சங்கச் செயலாளர் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார். பத்தொன்பது வருடம் இழுப்பறையில் கிடந்த அட்டையைக் கோப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். உறைகளுக்கு இப்போது அரக்கு கிடையாது, பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

தையல்காரர் கடைக்கு அவர் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "பேண்ட் அளவு குடுத்துட்டு வந்தேன்" என்றார். "அந்தப் பொண்ணு இருந்துச்சா?" "இருந்துச்சு. காஜா எடுத்துக்கிட்டிருந்துச்சு. நிமிந்து பாக்கல." அடுத்த வருடம் அவள் மறுபடியும் மனு போட்டு, வேறு ஊரில் சேர்ந்துவிட்டாள் என்று பதிவறை அக்கா சொன்னார். அவளுடைய உறைக்கு விலாசம் எழுதியது நான்தான்.

ஓய்வுத் தொகை பதினான்கு மாதம் கழித்து வந்தது. மூன்றாவது அறைக்குக் கூரை போட்டாயிற்று. அவர் மனைவி அந்த அறைக்குக் கூப்பிட்டுக் காட்டி, "வானம் தெரியுதா பாரு" என்றார்.

சீல்காரருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில் ஒரு கூரியர் கடையில், காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை பார்சல் கட்டுகிறார். விலாசத்தை வந்தவர்களையே படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மூடுவார். கடை முதலாளி கட்டணப் பலகை ஒன்று எழுதித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டார். அதை மட்டும் அவர் எழுதவில்லை.